விசில் ஊதும் முன்னே

மாடிப்படிக்கு அடியில் பச்சைப் பெயின்ட் அடித்த சின்னக் கதவு ஒன்று. இடைவேளை மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் நாலைந்து பேர் ஓடிவந்து, முறைபோட்டு, அதன் சாவித் துவாரத்தில் கண் வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளே இருட்டு. ஒன்றும் தெரியாது. ஆனாலும் மறுநாள் திரும்ப வருகிறார்கள். அந்தக் கதவு எனக்குத் திறந்தது!

பாளையங்கோட்டையில் அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளி அது. விளையாட்டு விழாவுக்கு இன்னும் சில நாள்தான். தொடக்க வகுப்புகளின் பி.டி. மிஸ் பூட்டைத் திறந்து, "தலை பார்த்து வாங்கக்கா, படி இடிக்கும்" என்றார். பள்ளியின் பெயரும் தன் பெயரும் வரக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. மற்றபடி எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம்!

முதலில் வாசனை. ரப்பர், சுண்ணாம்பு, சணல், பழைய தோல், எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது. பிறகு மெல்லக் கண் பழகுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்த ஆரஞ்சு நிறக் கோன்கள். ஆணியில் தொங்கும் ஸ்கிப்பிங் கயிறுகள். கம்பில் கோத்து வைத்த வளையப்பந்து ரிங்குகள். பல தலைமுறைக் கைகள் பட்டு வழவழப்பாகிவிட்ட மர டம்பெல்ஸ். துவைத்து மடித்த அரிசிச் சாக்குகள், சாக்கு ஓட்டத்துக்கு. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஸ்பூன்கள், இன்னொரு டப்பாவில் ஊக்குகள், மூன்றாவதில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசிகள். அந்த ஊசியை நனைக்காமல் பந்துக்குள் செருகினால் வால்வு கிழிந்துவிடுமாம். இதெல்லாம் யார் நமக்குச் சொல்லித் தந்தார்கள்!

இனிமேல்தான் விசேஷம். மூலையில் செய்தித்தாள் சுற்றிய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காகிதம் விலகியிருக்க, உள்ளிருந்து ஒட்டகம் எட்டிப் பார்க்கிறது! கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்கும் இந்த அறைதான் வீடு. மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடுகள், மிச்சமிருந்த வைக்கோல் கட்டு, அதன்மேல் சொகுசாக ஒரு கால்பந்து. "குடில் எதுமேல கட்டுவோம் தெரியுமா?" என்று மிஸ் கண்ணை விரித்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விக்டரி ஸ்டாண்டின் மேல்! 1, 2, 3 என்று எண் எழுதிய மரப்படிகள் டிசம்பரில் சாக்கும் வண்ணத்தாளும் போர்த்திக்கொண்டு பெத்லகேம் மலையாகிவிடுகின்றன. வானதூதருக்கு 1-ஆம் எண் உச்சி. குழந்தை இயேசுவுக்கு 3-ஆம் எண்ணுக்கும் கீழே, தரையில் இடம்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தனியாக உடற்கல்வி ஆசிரியர் கிடைப்பது நம் ஊரில் பெரிய கொடுப்பினை. சின்ன ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பாசிரியரே விசிலையும் எடுத்துக்கொள்கிறார். நர்சரி முதல் மேல்நிலை வரை ஒரே வளாகத்தில் இருக்கும் இதுபோன்ற பள்ளிகளில்தான் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு பி.டி. மிஸ் வாய்க்கிறார். அவர் வேலை வரிசை ஒழுங்கு பார்ப்பது, விசில் ஊதுவது, விழாவுக்கு மாஸ் டிரில் கற்றுக்கொடுப்பது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நினைப்பவர்கள் ஒரு முறை அவருடைய பாக்கெட்டைப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தேன்! டிராக் பேன்ட்டின் வலது பாக்கெட்டில் ஊக்கு, உடைந்த சாக்பீஸ், பிளாஸ்திரி, ஒரு ஷூ லேஸ், யாருடையதோ விழுந்த பால்பல் (தாளில் பத்திரமாகப் பொதிந்தது, சாயங்காலம் அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டுமாம்). இடது பாக்கெட்டில் ஸ்டாப் வாட்ச், குளுக்கோஸ் பாக்கெட், ஒரு ஜெபமாலை, நாலாக மடித்த ஹீட்ஸ் பட்டியல். கழுத்தில் விசில். ஜெபமாலையும் ஸ்டாப் வாட்ச் கயிறும் சிக்கிக்கொள்வது தினசரி வழக்கம். பிரித்தெடுத்துக்கொண்டே பேசுகிறார், நடக்கிறார், முப்பது அடி தள்ளி ஒருவன் இன்னொருவன் காலரைப் பிடிப்பதையும் பார்த்துவிடுகிறார்.

மறுநாள் விடியற்காலை மைதானத்துக்கு வரச் சொன்னார். அதற்காக வரம் வாங்கியவள் மாதிரி ஓடினேன். நெல்லையில் தை மாதக் காலைக்குப் பனி உண்டு. புல் நனைந்திருந்தால் சுண்ணாம்புப் பொடி உருண்டு திரளும், கோடு நேராக விழாது. அதனால் ஈரம் இறங்கும் வரை கயிறு வேலை. வாட்ச்மேன் அண்ணாச்சி ஒரு முனையில் ஆணியோடு நிற்கிறார், மிஸ் மறுமுனையில் டேப்போடு.

மூலை சரியாக 90 டிகிரி இருக்க வேண்டுமே, அதற்கு என்ன கருவி? ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4 மீட்டர், குறுக்கே அளந்தால் 5 மீட்டர் வர வேண்டும். வந்தால் மூலை சரி. எட்டாம் வகுப்பில் நான் பயந்து பயந்து படித்த பிதாகரஸ் இங்கே செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்துகொண்டிருக்கிறார்!

இந்த மைதானத்தில் 200 மீட்டர் டிராக் பிடிக்கும். நேர்ப்பகுதி இரண்டும் 40, 40 மீட்டர். வளைவு இரண்டும் 60, 60. அறுபது மீட்டர் நீளமுள்ள அரைவட்டத்துக்கு ஆரம் 19.10 மீட்டர். ஆனால் கோடு விழுவது 18.80-ல். ஏன் அந்த 30 சென்டிமீட்டர் குறைந்தது? ஓடுகிறவர் கோட்டின் மேலேயே கால் வைத்து ஓடுவதில்லை, கொஞ்சம் தள்ளித்தான் ஓடுகிறார். அந்தத் தள்ளலையும் கணக்கில் எடுத்துத்தான் டிராக் போடுவார்கள். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாவது லேனில் ஒரு சுற்று ஓடுகிற பிள்ளை வெளிவட்டத்தில் ஓடுவதால், அவளை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். இத்தனையும் மிஸ்ஸுக்கு மனப்பாடம். அண்ணாச்சிக்கும் மனப்பாடம்! "மூணாவது லேனுக்கு இன்னும் ஏழு அறுபத்தேழு தள்ளணும் டீச்சர்" என்று அவர்தான் நினைவூட்டினார்.

அந்த ஏழு மீட்டரில் ஒரு நாடகமே நடக்கும் என்று மிஸ் எச்சரித்திருந்தார். நடந்தது. நாலு பேர், ஆளுக்கு 50 மீட்டர், மொத்தம் ஒரு சுற்று ரிலே ஒத்திகை. நாலாம் வகுப்புப் பையன்கள் லேனில் நின்றதுமே முதல் லேன்காரன் அலறினான்: "மிஸ், அவன் முன்னாடி நிக்கான் மிஸ்! கள்ளாட்டை மிஸ்!" மிஸ் விளக்கம் சொல்லவில்லை. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் லேனில் ஒரு சுற்று நடக்க விட்டார், அடிக்கு அடி எண்ணிக்கொண்டு. பிறகு மூன்றாவது லேனில் ஒரு சுற்று, அதே மாதிரி எண்ணிக்கொண்டு. எண்ணி முடித்தவன் நின்று யோசித்தான். பிறகு, என்ன சொன்னான் தெரியுமா? "அப்போ அவனை இன்னும் கொஞ்சம் முன்னாடி நிக்கச் சொல்லலாமா மிஸ்?" எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டிவிட்டேன். எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதல்ல நியாயம் என்பது ஒன்பது வயதுக் காலுக்குப் புரிந்துவிட்டது!

இந்தப் பெண் இவ்வளவு கணக்கு எங்கே படித்தார்? சென்னை நந்தனத்தில், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். அந்தக் கல்லூரியின் கதை கேட்டால் நம் ஊர் பி.டி. வாத்தியார் ஒவ்வொருவரையும் இன்னும் ஒரு படி மேலே வைத்துப் பார்க்கத் தோன்றும். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் அதைத் தொடங்கினார். உடற்பயிற்சி சொல்லித்தருவதைப் படித்துத் தேர வேண்டிய தொழிலாக இந்த நாட்டில் மாற்றிய முன்னோடி அவர். 1943-ல் இறக்கும்வரை சென்னையிலேயே அந்தப் பணியில் இருந்தார். அவர் படித்து வந்த இடம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துக்குப் பணியாளர்களைத் தயாரித்த பள்ளி. அங்கேதான் கூடைப்பந்து பிறந்தது!

அதை மிஸ் பிள்ளைகளுக்குச் சொல்லும் அழகே தனி. கூடைப்பந்து வளையத்துக்கு அடியில் எல்லாரையும் உட்கார வைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, தொடங்குவார். 1891, டிசம்பர், வெளியே உறைபனிக் குளிர். உள்ளே ஒரு வகுப்பு இளைஞர்கள், போரடித்துப் போய், வாத்தியார்களை ஓட ஓட விரட்டியவர்கள். அவர்களைச் சமாளிக்க அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் படித்துவிட்டு விளையாட்டுப் பக்கம் வந்த ஆள். சுவருக்குள்ளே ஆடக்கூடிய, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளாத ஆட்டம் ஒன்று வேண்டும். பெட்டி கேட்டார், பெட்டி இல்லை. பீச் பழக்கூடை இரண்டு கிடைத்தது. மாடக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். பதின்மூன்று விதி எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். கூடைக்கு அடி திறக்கவில்லை, அதனால் பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்! இந்த இடத்தில் மூன்றாம் வகுப்பு மொத்தமும் உருண்டு சிரிக்கிறது. "ஒவ்வொரு தடவையும் ஏணியா மிஸ்?" என்று ஒருத்தி. "ஒவ்வொரு தடவையும்" என்று மிஸ். நாலு வருஷம் கழித்து, 1895-ல், அதே ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்தில் வில்லியம் மார்கன் என்பவர் ஹோலியோக் ஊரில் வாலிபாலைக் கண்டுபிடித்தார். கூடைப்பந்து சிலருக்கு மூச்சு வாங்க வைக்கிறது, அவர்களுக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்ற நினைப்பில் பிறந்தது அது.

இந்த இரண்டும் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டன. முரட்டு வகுப்பை அடிக்காமல் அடக்க ஓர் ஆட்டம், ஓட முடியாதவர்களையும் சேர்த்துக்கொள்ள இன்னோர் ஆட்டம். தேவாலயத்துப் பெஞ்சில் கேட்டதைக் காலால் செய்து பார்க்க வேண்டும் என்ற அவா அதில் இருக்கிறது. இந்தப் பள்ளியின் பி.டி. மிஸ் நாள் முழுக்கச் செய்வதும் அதைத்தான்.

எப்படி என்கிறீர்களா? ஒரு பீரியட் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஒன்றாம் வகுப்பு வருகிறது, கூச்சலோடு. எல்லோர் இடது மணிக்கட்டிலும் சிவப்பு உல்லன் நூல். இடதா வலதா என்று தடுமாறினால் நூலைப் பார்த்துக்கொள்ளலாம், அழ வேண்டியதில்லை. தவளை நடை, நண்டு நடை, யானை நடை. நண்டு நடையில் வயிறு மேலே பார்க்க, கையும் காலும் தரையில் ஊன்றிப் பக்கவாட்டில் போக வேண்டும். தோள் பலப்படும், நடுவுடல் உறுதியாகும். பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது, அவர்கள் நண்டு!

நீண்ட வரிசை என்பதே இங்கே கிடையாது. "லைன்ல நின்னு டர்ன் வர காத்துக்கிட்டு இருக்கிற பிள்ளை வெயில்தான் வாங்குது, விளையாடலை" என்பது மிஸ் கட்சி. நாற்பது பேரை ஆறேழு குட்டிக் குழுவாக்கி எல்லோரையும் ஒரே நேரத்தில் ஓட விடுகிறார். தலைவன் இரண்டு பேர் நின்று ஆள் பொறுக்குவது அறவே இல்லை. அப்படிப் பொறுக்கினால் கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சும், எப்போதும் அதே பிள்ளைதான் மிஞ்சும். பிறந்த மாதம் பார்த்துப் பிரிக்கிறார், அல்லது ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொல்கிறார்.

'அவுட்' விஷயத்தில் அவர் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்களில் யார் முதலில் பிடிபடுவார்? மெதுவாக ஓடுகிற பிள்ளை. ஓட்டப் பயிற்சி யாருக்கு அதிகம் வேண்டும்? அதே பிள்ளைக்கு. அவனையே உட்கார வைத்துவிட்டால் எப்படி? இங்கே அவுட்டானால் வேப்பமரத்தைத் தொட்டு, ஐந்து தடவை குதித்து, திரும்ப ஆட்டத்துக்குள் வந்துவிடலாம். காணாமல்போன ஓர் ஆட்டுக்காக மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுப் போன மேய்ப்பன் கதையைப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். மைதானத்தில் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. ஆட்டத்தின் விதியாகவே அது எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. ஓடச் சொல்வதைத் தண்டனையாகத் தருவதில்லை. "சேட்டை பண்ணுனா ரெண்டு ரவுண்டு ஓடுன்னு நானே சொன்னா, ஓடுறதுன்னாலே கசந்து போயிரும்லக்கா? அப்புறம் எந்த வாயால ஓடுங்கன்னு சொல்றது?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்து மைதானங்கள் அனைத்திலும் எழுதி வைக்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. நானெல்லாம் ஓட்டத்தை வெறுத்தது அப்படித்தான்.

கால் மெலிந்த ஒரு சிறுவன் இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். அவனிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுத்து நிழலில் உட்கார வைப்பது எளிது. எல்லாரும் அதை அன்பு என்றுதான் சொல்வார்கள். மிஸ் அவனை ஆட்டத்தின் நடுவில் வைத்திருக்கிறார். பந்தை எறிகிற ஆட்டமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவன் கை வலு வகுப்பிலேயே பெரியது என்பதை வகுப்புக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். இப்போது அவன் எந்தக் குழு என்பதற்கு அடிதடி!

ஆசிரியர் அறையின் பேரத்தையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியட் காணாமல் போவது உலகறிந்த வழக்கம். கணக்கு மிஸ் வருவார், குரலில் தேன் வடியும்: "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தாயேன்." நம் மிஸ் சிரித்துக்கொண்டே, "கிரவுண்டுக்குப் பிள்ளைகளோட நீங்களும் வாங்க மிஸ், டிராக்ல கணக்கு நெறைய கிடக்கு" என்றார். கணக்கு மிஸ் வந்தார்! ஆரம், விட்டம், சுற்றளவு எல்லாம் ஐந்தாம் வகுப்புக்குச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடந்தது.

காலை வழிபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். பி.டி. மிஸ் மேடையில் இருக்க மாட்டார், வரிசையின் பின்னால் நிற்பார். பாளையங்கோட்டைப் பிள்ளைகளும் மேலப்பாளையத்துப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் வரிசை. சிலுவை அடையாளம் போடுகிற கைகளுக்குப் பக்கத்தில் ஏந்திய கைகளும் கூப்பிய கைகளும். நோன்பு மாதத்தில் நோன்பு பிடிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓட்டமில்லாத ஆட்டங்களாகக் கொடுக்கிறார். கேரம், குறி பார்த்தல். தவக்காலத்தில் சிஸ்டர்களும் உபவாசம் இருப்பதால் இதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

விளையாட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு செபம் உண்டு, பிள்ளைகளே மாறி மாறிச் சொல்வது. நீல ஹவுஸ் பெண் ஒருத்தி கண்ணை இறுக மூடி, "ஏசப்பா, எங்க ஹவுஸ் ஜெயிக்கணும்" என்றாள். உடனே மஞ்சள் ஹவுஸ் பையன் கண்ணைத் திறந்து, "மிஸ், நானும் அதையே கேட்டிருக்கேன், இப்ப ஏசப்பா என்ன செய்வாங்க?" நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தேன். இறையியல் அறிஞர்களே தடுமாறுகிற இடம்! மிஸ் முழங்காலிட்டு அவன் உயரத்துக்கு வந்து, "ரெண்டு பேரும் விழாம ஓடணும்னு கேளுங்க, அதைச் சேர்ந்தே கேட்கலாம்" என்றார். பையன் கொஞ்ச நேரம் எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை. விழா நெருங்க நெருங்க ஒத்திகைக்கு நாள் போதவில்லை. பெற்றோர் சிலர் ஞாயிறு காலையில் வைக்கச் சொன்னார்கள். பூசை நேரம் ஆயிற்றே! மிஸ் சனிக்கிழமையோடு முடித்துக்கொண்டார், பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும் என்றும் சொன்னார். அப்போதுதான் எரிக் லிடல் பேச்சு வந்தது. மிஸ்ஸின் கப்போர்டுக் கதவின் உள்பக்கம் அவர் படம் ஒட்டியிருக்கிறது, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, வானத்தைப் பார்த்து ஓடும் படம்.

1924 பாரிஸ் ஒலிம்பிக். ஸ்காட்லாந்துக்காரர் லிடலுக்கு 100 மீட்டரில்தான் பெயர். அதன் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று மாதங்களுக்கு முன்பே தெரிந்ததும், ஓட மாட்டேன் என்று விலகிவிட்டார். 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். ஜூலை 11 அன்று 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார்! அதே பாரிஸுக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப் போனவர் யார் தெரியுமா? மிஸ் படித்த கல்லூரியைத் தொடங்கிய அதே ஹாரி குரோ பக். இதைச் சொல்லும்போது மிஸ்ஸுக்குக் குரல் ஏறிவிட்டது. எனக்கும்தான்!

தங்கம் வாங்கிய கையோடு லிடல் என்ன ஆனார் என்பதுதான் மிஸ்ஸுக்கு முக்கியம். வாத்தியார் ஆனார்! மறு வருஷமே சீனாவின் தியான்ஜினுக்குப் போய், அங்கே ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் அறிவியலும் விளையாட்டும் கற்றுக்கொடுத்தார். அவர் பிறந்த ஊரும் அதுதான், மிஷனரிகளின் மகன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை வெளிநாட்டவரை வெய்சியன் முகாமில் அடைத்தது. பெற்றோரைப் பிரிந்த மிஷன் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமாக அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அவர் 'அங்கிள் எரிக்'. ஓட்டம் வைத்தார், ஆட்டம் வைத்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளை ஒட்டிக் கட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம் இல்லை என்பதில் உறுதி. ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் தாங்களே ஹாக்கி ஆடப் போய், நடுவர் இல்லாமல் அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு, லிடல் விசிலோடு மைதானத்துக்கு வந்து நின்றார். தனக்காக ஒலிம்பிக்கில்கூட விட்டுக்கொடுக்காத ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார்! 1945 பிப்ரவரியில், போர் முடியும் முன்பே, மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

"பாரிஸ்ல ஓடாதது பெருசா, முகாம்ல விசில் ஊதுனது பெருசா?" என்று மிஸ் கேட்டார். நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. இரண்டாவதுதான் என்றார். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன்.

விழாவுக்கு முந்தைய இரவு! ஊருக்கே தெரியாத கூத்து அது. ஆசிரியர் அறையில் சான்றிதழ்க் கட்டு, நல்ல கையெழுத்துள்ள தமிழ் மிஸ்ஸுக்கு ஓய்வில்லை. பரிசுகள் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குகின்றன: டிபன் பாக்ஸ், எவர்சில்வர் டம்ளர், தண்ணீர் பாட்டில். முதல் மூவருக்குப் பரிசு, ஓடிய எல்லோருக்கும் ஒரு பென்சில். ரிப்பனில் ஊக்கு குத்துகிறார்கள், பத்து விரலும் புண். ஒலிபெருக்கிக்காரர் 'ஹலோ மைக் டெஸ்டிங்' சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். பி.டி. மிஸ் ஸ்பூன் டப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பூனின் குழியையும் பார்க்கிறார். ஏன் என்றால், ஒரு ஸ்பூன் ஆழமாகவும் ஒன்று தட்டையாகவும் இருந்தால் எலுமிச்சம்பழ ஓட்டம் அநியாயமாகிவிடுமே! ஆழம் ஒத்தவற்றைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எழுந்து நின்று சல்யூட் அடிக்கத் தோன்றியது.

விழா அன்று காலை பங்குத்தந்தை சுருக்கமாகப் பேசினார். புனித பவுல் ஓட்டப்பந்தயத்தை உவமையாக எடுத்து எழுதியது கொரிந்து நகரத்தாருக்கு, அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியன் விளையாட்டுகள் நடக்கும், கேட்டவர்களுக்கு மைதானத்துப் புழுதியே நினைவுக்கு வந்திருக்கும் என்றார். பிள்ளைகள் காதில் அது ஏறியிருக்காது, அவர்கள் கண்ணெல்லாம் கிளாப்பர் கட்டைமேல். மார்ச் பாஸ்ட், உறுதிமொழி, தீபம், பலூன். நானோ கயிற்றுக்கு உள்பக்கம், மிஸ்ஸின் நிழலாக! யாருக்கோ லேஸ் அவிழ்ந்தது, யாருக்கோ ஒண்ணுக்கு வந்தது, யாரோ வாந்தி எடுத்தான், பாக்கெட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று வெளிவந்துகொண்டே இருந்தது. ஒன்றாம் வகுப்பு 50 மீட்டரில் ஒருத்தி பாதியில் நின்று, கூட்டத்தில் பாட்டியைக் கண்டுபிடித்து, கை ஆட்டிவிட்டு, பிறகு ஓடினாள். எல்லைக்கோட்டு ரிப்பனைப் பிடித்திருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுருட்டாமல் அவளுக்காகத் திரும்ப விரித்துப் பிடித்தார்கள். யாரும் சொல்லவில்லை. பழக்கம். கடைசியாக வருகிறவருக்கும் ரிப்பன் இருக்க வேண்டும் என்பது மிஸ் வைத்த விதி.

கடைசி நிகழ்ச்சி கயிறு இழுப்பு. சிஸ்டர்கள் ஒரு பக்கம், ஆசிரியைகள் ஒரு பக்கம், பக்கத்துக்கு எட்டுப் பேர். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த ஆட்டம் இது என்று மைக்கில் அறிவித்ததும் சிஸ்டர்களுக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. தலைமை ஆசிரியை சிஸ்டர் கடைசி ஆள், கயிற்றைத் தோளில் போட்டுக் காலை ஊன்றிவிட்டார். நடுவில் பி.டி. மிஸ், நடுவர். விசில்! அங்கி பறக்கிறது, சேலை இடுப்பில் சொருகப்படுகிறது, கைக்குட்டை கட்டிய நடுக்கயிறு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஆசிரியைகள் ஒரே மூச்சில் இழுத்தார்கள். சிஸ்டர் கால் வழுக்க, சட்டென்று தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பீப்ப்ப்! வேண்டுமென்றே உட்காருவது தவறு. மிஸ் நேராகப் போய், கையை உயர்த்தி, தலைமை ஆசிரியைக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தார்.

மைதானம் ஒரு விநாடி நம்பவில்லை. சிஸ்டருக்கே எச்சரிக்கையா! அடுத்த விநாடி முந்நூறு பிள்ளைகளும் எழுந்து நின்று கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. சிஸ்டர் அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "சரி டீச்சர்" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்து, மறுபடி கயிற்றைத் தோளில் போட்டார். ஆசிரியைகள் ஜெயித்தார்கள். மறு ஆட்டம் வேண்டும் என்று சிஸ்டர்கள் இப்போதே தேதி கேட்கிறார்கள்!